மூன்று இரவுகளைக் காணாத சட்டம்

பிரிட்டனில் ஒரு தம்பதி பிரிகிறார்கள். பிள்ளைகள் வாரத்தில் நான்கு இரவு அம்மாவிடமும் மூன்று இரவு அப்பாவிடமும் இருக்கட்டும் என்று குடும்ப நீதிமன்றம் உத்தரவிடுகிறது. இருவருக்கும் சம்பளம் குறைவு, இருவரும் வாடகை வீட்டில் இருப்பவர்கள். அதனால் இருவருமே அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறார்கள். அங்கே அவர்களை வேறொரு சட்டம் எதிர்கொள்கிறது. அந்தச் சட்டத்தின்படி பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீடுதான் உண்டு. நான்கு இரவு இருக்கும் வீடு குடும்பம். மூன்று இரவு இருக்கும் வீடு பிள்ளையே இல்லாத ஒண்டிக்கட்டையின் அறை. வாரத்துக்கு மூன்று நாள் சமைத்துப் போட்டு, குளிப்பாட்டி, வீட்டுப்பாடம் எழுதவைத்து, மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற ஒருவர், அரசின் ஏட்டில் பிள்ளை இல்லாதவராகவே பதிவாகிறார். இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதிக்கு நல்ல நியாயம் இருக்கிறது, இன்னொரு பகுதிக்கு எந்த நியாயமும் இல்லை என்பது என் கருத்து. பிள்ளையின் செலவுக்கான பணம் ஒருவர் கையில் போய்ச் சேர்வதை ஏற்கலாம். பிள்ளை படுத்துத் தூங்கும் அறையை ஒரு வீட்டில் மட்டும் எண்ணுவதை ஏற்க முடியாது.

குடும்பச் சட்டம் இந்த இடத்தை விட்டு எப்போதோ நகர்ந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் கீழ், பிள்ளை யாரோடு வசிப்பது என்பதற்கு ஓர் உத்தரவும், மற்றவர் எப்போது வந்து பார்ப்பது என்பதற்கு இன்னோர் உத்தரவும் தனித்தனியாக இங்கிலாந்து நீதிமன்றங்களில் வழங்கப்பட்டன. 2014-இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டு, இரண்டும் ஒரே உத்தரவாக்கப்பட்டன. ஒருவர் ஜெயித்தவர், மற்றவர் விருந்தாளி என்ற நிலை மாற வேண்டும் என்பது அதன் நோக்கம். உதவித்தொகைச் சட்டத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு விண்ணப்பதாரர் என்ற விதி அப்படியே நிற்கிறது. ‘சைல்ட் பெனிஃபிட்’ என்ற பிள்ளைப்படி ஒருவருக்குத்தான் கிடைக்கும். பெற்றோர் தங்களுக்குள் பேசி ஒருவரைக் காட்டலாம். ஒத்துப்போகாவிட்டால் வரித்துறை முடிவு செய்யும். ‘யுனிவர்சல் கிரெடிட்’ என்ற மாதாந்தர உதவித்தொகையிலும் ‘பிரதானப் பொறுப்பு’ யாருடையது என்று பார்த்து, பிள்ளையை ஒருவர் பெயரில்தான் எழுதுகிறார்கள். ஏழு இரவில் நான்கு யாரிடம், மூன்று யாரிடம் என்ற சின்ன வித்தியாசம் இங்கே எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்றாகிவிடுகிறது.

இதன் விளைவை 2025-26 நிதியாண்டின் தொகைகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவருக்கும் வயது 25-க்கு மேல், இருவருக்கும் மாதச் சம்பளம் 1,000 பவுண்டு, 2017-க்குப் பிறகு பிறந்த இரண்டு பிள்ளைகள் என்று கொள்வோம். அம்மாவுக்கு அடிப்படைத் தொகை 400.14 பவுண்டு, பிள்ளை ஒன்றுக்கு 292.81 பவுண்டு வீதம் 585.62. சம்பாதிக்கும் பணத்துக்காக உதவித்தொகையில் பிடித்தம் உண்டு. ஆனால் பிள்ளைப் பொறுப்பு உள்ளவர் என்பதால், வாடகை உதவி பெறும் அவருடைய சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் பிடிப்பார்கள். பிடித்தம் 323.95 போக, வாடகை உதவியைச் சேர்க்காமலே அவருக்கு 661.81 பவுண்டு வரும். சைல்ட் பெனிஃபிட் தனி. மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05, இளையதற்கு 17.25. அப்பாவுக்கும் அதே 400.14 அடிப்படைத் தொகை உண்டு, பிள்ளைத் தொகை கிடையாது. அந்த 411 பவுண்டுச் சலுகையும் கிடையாது. அவருடைய சம்பளத்தில் முதல் பவுண்டிலிருந்தே பிடித்தம் தொடங்கி 550 பவுண்டு போய்விடும். அடிப்படைத் தொகை முழுக்கக் கரைந்து, வாடகை உதவியிலும் 149.86 பவுண்டு குறையும். சலுகை இல்லாததால் மட்டும் அவருக்கு இழப்பு மாதம் 226.05 பவுண்டு. இதற்கும் மேலாக அவர் பிள்ளைகளுக்குப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு அது மொத்தச் சம்பளத்தில் 16 சதவீதம், மூன்று இரவுக்காக ஏழில் மூன்று பங்கு தள்ளுபடி. வாரம் சுமார் 21 பவுண்டு வரும்.

அம்மாவுக்கு வருவது மிகை என்று இந்தக் கணக்கைப் படித்து யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தொகையில் காலம் தள்ளுவது கடினம். பிரிட்டனில் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். வறுமை அவர்களிடத்தில்தான் அதிகம் குவிந்திருக்கிறது. பள்ளிச் சீருடை, காலணி, குளிருக்குக் கோட்டு, பிறந்தநாள் செலவு எல்லாம் பெரும்பாலும் நான்கு இரவு வீட்டின் தலையில்தான் விழுகின்றன. ஆகவே தாய்க்குப் போகும் பணத்தைப் பிடுங்கித் தந்தைக்குக் கொடுங்கள் என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தப் பணம் ஒருவர் கையில் போவதற்குப் பின்னால் ஒரு நீண்ட போராட்டமும் இருக்கிறது. எலினார் ராத்போன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பல பத்தாண்டுகள் வாதாடிய பிறகு, 1945-இல் குடும்பப்படிச் சட்டம் நிறைவேறியது. முதலில் அந்தப் பணத்தைத் தந்தையிடம் கொடுப்பதாகத்தான் மசோதா இருந்தது. ராத்போன் கடுமையாக எதிர்த்த பிறகே அது தாயின் கைக்கு மாறியது. இரண்டாவது பிள்ளையிலிருந்து ஆளுக்கு வாரம் ஐந்து ஷில்லிங். அடுப்படியில் நிற்பவர் கையில் காசு இருந்தால்தான் அது பிள்ளை வயிற்றுக்குப் போகும் என்ற அந்த அனுபவ அறிவை 1977-இல் வந்த சைல்ட் பெனிஃபிட்டும் காப்பாற்றியது. ஒரே வீட்டுக்குள் கணவனா மனைவியா என்ற கேள்விக்கு எழுதப்பட்ட அந்தப் பதிலை, இரண்டு வீடுகள் என்ற கேள்விக்கும் அப்படியே தூக்கி வைத்ததில்தான் சிக்கல் ஆரம்பித்தது.

தந்தையர் இதை எதிர்த்து நீதிமன்றம் போயிருக்கிறார்கள். 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒருவர் வென்றார். வேலையில்லாதோர் படியில் பிள்ளைக்கான கூடுதல் தொகையை, சைல்ட் பெனிஃபிட் வாங்குபவருக்கு மட்டும் என்று கட்டிப்போட்டிருந்த விதி, ஆண்களுக்கு எதிரான பாகுபாடு என்று தீர்ப்பானது. 2012-இல் வேறொரு தந்தை உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றார். பிள்ளை வரிச்சலுகைத் தொகையை இருவருக்கும் பிரித்துத் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. தலைமைத் தீர்ப்பை எழுதிய லேடி ஹேல், இந்த விதி ஆண்களை அதிகம் பாதிக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குத் தக்க காரணம் உண்டு என்றார். இந்தத் தொகையின் குறிக்கோள் பிள்ளைகளின் வறுமையைக் குறைப்பது. ஒரு வீட்டுக்குப் போதுமான தொகையை இரண்டாக வெட்டினால், இரண்டு வீட்டுக்கும் போதாத தொகைதான் மிஞ்சும். பிள்ளை அதிக நாள் இருக்கும் வீட்டின் தரத்தைக் காப்பதை அரசு தேர்ந்துகொள்ளலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பணத்தைப் பொறுத்தவரை இந்தத் தர்க்கத்தை என்னால் உடைக்க முடியவில்லை.

பிரித்துக் கொடுக்கும் நாடுகளைப் பார்த்தாலும் அதே எண்ணம்தான் வலுக்கிறது. ஸ்வீடனில் 2014 மார்ச் முதல் பிறந்த பிள்ளைகளுக்கு, இருவரும் சேர்ந்து பொறுப்பாளர்களாக இருந்தால், மாதம் 1,250 குரோனர் பிள்ளைப்படி ஆளுக்கு 625 என்று தானாகவே பிரிகிறது. அந்தப் பிள்ளைப்படி பணக்காரர், ஏழை என்று பாராமல் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தொகையாகக் கிடைப்பது. அதனால் பாதியாக்கினாலும் கணக்கு குழம்புவதில்லை. கனடாவில் பிள்ளைப்படி வருமானத்தைப் பொறுத்தது. இருவரிடமும் பிள்ளை 40 முதல் 60 சதவீத நேரம் இருந்தால், ஒவ்வொருவருக்கும் அவரவர் வருமானத்துக்கு என்ன வருமோ அதில் பாதி. ஏழைத் தாய்க்கு உச்சத் தொகையில் பாதி போய்விடுகிறது. வசதியான தந்தைக்குக் கிடைப்பது சொற்பத் தொகையின் பாதி. அரசு மிச்சம் பிடிக்கிறது, பிள்ளைக்குக் குறைகிறது. ஆஸ்திரேலியாவில் பராமரிப்புச் சதவீதத்தின்படி பங்கு பிரிகிறது. 35 சதவீதத்துக்குக் கீழே இருப்பவருக்குக் குடும்ப வரிச்சலுகைத் தொகை இல்லை. ஆனால் அங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. 14 சதவீதத்திலிருந்து 35 சதவீதத்துக்குள் பராமரிப்பவருக்கு அந்தப் பணம் இல்லாவிட்டாலும், வாடகை உதவிக்கு அந்தப் பிள்ளை கணக்கில் வரலாம். பணம் வேறு, இடம் வேறு என்று அந்த நாட்டுச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

பிரிட்டனின் சட்டம் மறந்தது அந்த வேறுபாட்டைத்தான். பிள்ளை அப்பா வீட்டில் மூன்று நாள் சாப்பிட்டால், அம்மா வீட்டில் அந்த மூன்று நாள் அரிசியும் பாலும் மிச்சம். சாப்பாட்டுச் செலவு பிள்ளையோடு நடந்து போய்விடும். அறை நடந்து போகாது. அம்மா வீட்டில் மூன்று இரவு காலியாகக் கிடக்கும் அறைக்கு அம்மா வாடகை கட்டித்தான் ஆக வேண்டும். அப்பா வீட்டில் நான்கு இரவு காலியாகக் கிடந்தாலும் அங்கேயும் ஒரு அறை இருந்துதான் ஆக வேண்டும். பிரிட்டன் விதிகளோ அப்பா வீட்டில் பிள்ளைக்கு அறையே தருவதில்லை. தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கும் 35 வயதுக்கு மேற்பட்ட அப்பாவுக்கு ஒரு படுக்கையறை வீட்டின் அளவுக்குத்தான் வாடகை உதவி. 35 வயது நிரம்பாதவர் என்றால் அதுவும் இல்லை. முன்பு 25 வயதுக்குக் கீழே என்றிருந்த இந்த வரம்பை 2012 ஜனவரியில் 35-க்கு உயர்த்தினார்கள். அதன்படி 30 வயதுத் தந்தைக்கு, முன்பின் தெரியாத நாலு பேரோடு சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஒற்றை அறைக்கான தொகைதான் கிடைக்கும். நீதிமன்றம் மூன்று இரவு கொடுத்தது. ஆறு வயதுப் பெண்ணை அந்த அறையில் எப்படிப் படுக்கவைப்பது, நள்ளிரவில் குளியலறைக்கு எப்படி அனுப்புவது என்பது அவருடைய கவலை.

உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் வீட்டில் இருப்பவருக்கு வேறு விதமான அடி. 2013 ஏப்ரலில் வந்த, மக்கள் ‘பெட்ரூம் டாக்ஸ்’ என்று அழைக்கும் விதியின்படி, தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தால் கணக்கில் எடுக்கும் வாடகையில் 14 சதவீதம் வெட்டு, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 25 சதவீதம். பிள்ளைகள் வந்து தூங்கும் அறை ‘தேவைக்கு மேற்பட்ட’ அறையாகிவிடுகிறது. பிரிந்து வாழும் பெற்றோர் சிலர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 2014-இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றது. கஷ்டப்படுபவர்களுக்குக் கவுன்சில் தன் விருப்புரிமை நிதியிலிருந்து உதவலாமே என்ற பதில் அங்கே எடுபட்டது. ஸ்காட்லாந்து அரசு இந்த வெட்டை இப்படிப்பட்ட நிதியால் முழுக்க ஈடுகட்டி வருகிறது. இங்கிலாந்தில் அது ஊருக்கு ஊர், வருஷத்துக்கு வருஷம் மாறும் தயவு. மனுப் போட்டு, காத்திருந்து, கொஞ்ச மாதத்துக்கு வாங்கி, மறுபடி மனுப் போட வேண்டும். பிள்ளை வளரும் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு அதை நம்பி யாரும் வீடு பிடிக்க முடியாது. இதே விதிகளில் வேறு ஒரு விலக்கு உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். உடல் ஊனமுற்ற ஒருவருக்கு இரவுத் துணையாக வெளியிலிருந்து பராமரிப்பாளர் வந்து தங்கினால், அவருக்கென்று கூடுதல் அறை அனுமதிக்கப்படுகிறது. அது முழுக்க நியாயமான விலக்கு. அந்த வீட்டில் வசிக்காதவர் ஆனாலும் தவறாமல் வந்து இரவு தங்குபவர் என்ற ஒருவரை இந்தச் சட்டத்தால் கற்பனை செய்ய முடிகிறது என்பதற்கு அது சான்று. பெற்ற பிள்ளை விஷயத்தில் மட்டும் அந்தக் கற்பனை வேலை செய்யவில்லை.

இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒரு வழி இருக்கிறது. பெற்றோர் ஒத்துப்போய், பராமரிப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தால், ஆளுக்கு ஒரு பிள்ளையைத் தங்கள் பெயரில் எழுதிக்கொள்ளலாம். அப்போது இருவருமே மூத்த பிள்ளைக்கான கூடிய தொகையை வாங்கலாம். இருவருக்கும் ஒரு பிள்ளைத் தொகை, இருவருக்கும் சம்பளச் சலுகை, இருவருக்கும் இரண்டு படுக்கையறை வாடகை அளவு. சின்னப் பிள்ளைகள் இருவரையும் தன் பெயரில் வைத்திருந்தபோது அம்மாவுக்குக் கிடைத்ததும் அதே இரண்டு படுக்கையறைதான். ஆக, அறைக் கணக்கில் யாருக்கும் நஷ்டமில்லை, பிள்ளைகள் சேர்ந்தே இரு வீட்டிலும் தூங்குகிறார்கள். ஒற்றைப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. பேச்சுவார்த்தையே இல்லாத பெற்றோருக்கும் அடைபட்டுக் கிடக்கிறது. எத்தனை பிள்ளை பெற்றார்கள், பிரிந்த பிறகும் எவ்வளவு சுமுகமாக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்கு இரண்டாவது வீட்டில் படுக்கை கிடைப்பதும் கிடைக்காததும் முடிவாகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஆகவே என் வாதம் இது. பிள்ளைத் தொகையும் சைல்ட் பெனிஃபிட்டும் இப்போது போலவே பிரதானப் பொறுப்பாளருக்குப் போகட்டும். வாடகை உதவியில் அறைகளை எண்ணும்போது, வருஷத்தில் 104 இரவுக்குக் குறையாமல் பிள்ளை தங்கும் இரண்டாவது வீட்டிலும் அந்தப் பிள்ளையை எண்ணட்டும். அந்த வீட்டுக்காரருக்கும் சம்பளச் சலுகையில் ஒரு பங்கு கிடைக்கட்டும். பொதுப்பணத்துக்கு இது பெரிய செலவாகாதா என்பது முதல் ஆட்சேபம். செலவாகும், மறுக்கவில்லை. ஆனால் இது எல்லாப் பிரிந்த தந்தைக்கும் போகும் பணமில்லை. வாடகை கட்டமுடியாத அளவுக்கு வருமானம் குறைந்தவர்களுக்கு, அந்தந்த வட்டாரத்துக்கென்று விதித்த உச்சவரம்புக்குள் மட்டும் போவது. அந்த வரம்போ வட்டாரத்தின் மலிவான 30 சதவீத வீடுகளை வைத்து வகுக்கப்பட்டு, 2024 ஏப்ரலுக்குப் பிறகு உயர்த்தப்படாமல் நிற்பது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு செலவையும் வைத்துப் பார்க்க வேண்டும். தங்க இடமில்லாமல் அப்பாவிடம் போவது நின்றுபோனால், ஏழு இரவும் அம்மாவின் பொறுப்பு. அவர் மாலை வேலைக்குப் போவதும், மேலும் சில மணி நேரம் வேலை பார்ப்பதும் அதோடு போயிற்று.

பொய் சொல்லி அறை வாங்குவார்களே, இரவுகளை யார் எண்ணுவது என்று கேட்பார்கள். இதற்கான பதில் அரசின் கையிலேயே இருக்கிறது. பராமரிப்புத் தொகையை நிர்ணயிக்கும் பிரிவு ஏற்கெனவே இரவுகளை எண்ணித்தான் வேலை செய்கிறது. வருஷத்தில் 52 இரவு தங்கினால் ஏழில் ஒரு பங்கு தள்ளுபடி, 104-க்கு இரண்டு பங்கு, 156-க்கு மூன்று பங்கு, 175-ஐத் தொட்டால் பாதி. அந்தப் பிரிவும், யுனிவர்சல் கிரெடிட்டைத் தருவதும் ஒரே துறைதான், வேலைவாய்ப்பு ஓய்வூதியத் துறை. அப்பா கட்ட வேண்டிய தொகையைக் கணக்கிடும்போது 156 இரவு அந்தத் துறைக்குத் தெரிகிறது. அப்பாவுக்கு அறை வேண்டும் என்னும்போது அதே 156 இரவு அதே துறைக்குத் தெரியாமல் போகிறது.

மிகவும் கனமான ஆட்சேபம் பெண்கள் தரப்பிலிருந்து வருவது. அடித்துத் துன்புறுத்திய கணவன், பிரிந்த பிறகும் மனைவியை விடாமல் பிடித்துவைக்க, பிள்ளையோடு இருக்கும் இரவுகளை ஓர் ஆயுதமாக்குவான். இரவு கூடினால் கட்டும் தொகை குறையும், இப்போது அறையும் கிடைக்கும் என்றால் நீதிமன்றத்துக்கு இன்னும் வெறியோடு வருவான் என்ற அச்சம் வெறும் கற்பனையில்லை. ஆனால் இப்போதைய விதியில் அவன் கையில் இருப்பது இதைவிடப் பெரிய ஆயுதம். சைல்ட் பெனிஃபிட்டைத் தன் பெயருக்கு மாற்றக் கோரி அவன் ஒரு விண்ணப்பம் போட்டு, அது ஏற்கப்பட்டால், அந்தப் பெண் பிள்ளைத் தொகையையும் சலுகையையும் வாடகை அளவையும் அடுத்தடுத்து இழக்கும் நிலை வரக்கூடும். பள்ளிக்கூடத்தில் எந்த முகவரி, டாக்டரிடம் எந்த முகவரி என்று அவள் தாள் தாளாகத் திரட்டித் தன் பிள்ளை தன்னிடம் இருப்பதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. ஒருவர் பெறுவது அப்படியே மற்றவர் இழப்பது என்றிருக்கும் வரை அந்தச் சண்டைக்கு முடிவில்லை. இரண்டாவது வீட்டில் ஓர் அறையை எண்ணுவதால் முதல் வீட்டில் ஒரு பென்னிகூடக் குறையாது. அவளிடமிருந்து பறிக்க எதுவும் இல்லாத இடத்தில் மிரட்டலுக்கும் அவ்வளவாக வேலையில்லை. நீதிமன்ற உத்தரவோ பராமரிப்புத் தொகைப் பிரிவின் முடிவோ இருந்தால் மட்டுமே அறை என்று வைத்துவிட்டால், வாய்ச்சொல்லை வைத்து இரவுகளைக் கூட்டவும் முடியாது.

இதற்குப் புதிய சட்டம் இயற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அறைகளை எண்ணும் முறை நாடாளுமன்றச் சட்டத்தில் இல்லை, அமைச்சர் கையெழுத்திடும் விதிகளில் இருக்கிறது. பெட்ரூம் டாக்ஸ் அமலுக்கு வருவதற்கு மூன்று வாரம்கூட இல்லாத 2013 மார்ச்சில், எதிர்ப்பு வலுத்ததும், வளர்ப்புப் பிள்ளைகளை ஏற்கும் குடும்பங்களுக்கு ஓர் அறையும், ராணுவத்தில் பணியாற்றப் போயிருக்கும் பிள்ளைகளுக்கு அவர்கள் வீட்டில் ஓர் அறையும் அனுமதிக்கப்படும் என்று அமைச்சர் அறிவித்தார். விதியைத் திருத்தி ஏப்ரல் முதல் தேதியிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மாதக்கணக்கில் முகாமில் இருந்துவிட்டு எப்போதாவது விடுப்பில் வரும் சிப்பாய் மகனுக்காக அந்த அறை இன்றைக்கும் கணக்கில் இருக்கிறது.